பெயர் கேட்க மறந்த பெரியவருக்கு நன்றி

எண்கள் எழுதிய வட்டப் பலகையில் சிறு அம்புகளை எறியும் டார்ட்ஸ் ஆட்டத்தில் நான் எறிந்த மூன்று அம்புகளும் சுவரில் மோதி விழுந்தபோது, சிரிக்காமல் அருகில் வந்து நின்ற ஐயா, இந்த நன்றி உங்களுக்கு. (பள்ளியில் நான் பந்தை எடுத்தால் பின்னால் நிற்பவர்கள்கூட விலகிக்கொள்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.) நடுப்புள்ளி 1.73 மீட்டர் உயரத்திலும் எறியும் கோடு பலகையிலிருந்து 2.37 மீட்டர் தொலைவிலும் இருப்பதே முறை என்று சொல்லி, பயத்தில் கோட்டுக்குப் பின்னால் தள்ளி நின்ற என்னை முன்னே நகர்த்தினீர்கள். தோளை வீசாமல் முழங்கையை மடக்கி நீட்ட வேண்டும், அம்பை விட்ட பிறகும் கை பலகையை நோக்கியே நீள வேண்டும் என்று நீங்கள் காட்டும்வரை, கையைப் பாதியிலேயே இழுத்துக்கொள்வது என் வழக்கமாக இருந்தது. பத்தாவது அம்பு பலகையில் தைத்தது, நான் குறிவைத்த எண்ணில் இல்லை என்றாலும். திரும்பிப் பார்ப்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள்.