பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுச் சாலை போடக் கோரி மனு

அனுப்புநர்: பள்ளிக்கூடத் தெரு வீட்டு உரிமையாளர்கள்
பெறுநர்: நகராட்சி ஆணையர் அவர்கள்

பொருள்: சாலை மட்டத்தை இனியும் உயர்த்தாமல் இருக்கவும், வீடு கட்ட அனுமதி தரும்போது சாலை மட்டத்தைக் குறித்துத் தரவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

இதே கோரிக்கையை ஏற்கெனவே மனுவாகக் கொடுத்திருக்கிறோம். ரசீது கைக்கு வந்ததோடு சரி, பதில் இல்லை. எங்கள் தெரு தாங்கள் அறியாததல்ல. மழை பெய்தால் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற அதே தெருதான். மறுபடியும் தார் போட அளவெடுத்துப் போயிருக்கிறார்கள். வேலை தொடங்குவதற்குள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

1. பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும், வீடுகள் தாழ்ந்துபோகக் கூடாது என்று 2021-லேயே அப்போதைய தலைமைச் செயலர் இறையன்பு அறிவுறுத்தியிருக்கிறார். அதற்குப் பிறகும் இங்கே பழைய தார் மேலேயே ஜல்லியைக் கொட்டினார்கள்.

2. பிளான் அப்ரூவல் வாங்கித்தான் கட்டினோம். சுற்றியுள்ள தரையைவிடக் குறைந்தது 45 செ.மீ. உயரத்தில் பேஸ்மென்ட் (வீட்டுத் தரைமட்டம்) இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித் தொகுப்பு. நாங்கள் அதற்கும் மேலேயே உயர்த்தினோம். மூன்று படி ஏறி நுழைந்த வீட்டுக்குள் இன்று ஒரு படி இறங்கிப் போகிறோம்.

3. எல்லாவற்றையும்விடத் தாங்க முடியாதது கழிவறைதான். தெருவில் தேங்கும் தண்ணீர் செப்டிக் டேங்குக்குள் இறங்கி, அது நிரம்பி, கழிவறைக் கோப்பை வழியாகவே வீட்டுக்குள் பொங்கி வருகிறது. சாக்கை உருட்டி அடைத்து மேலே மணல் மூட்டை வைக்கிறோம், அதையும் தள்ளிக்கொண்டு வருகிறது. மழை நாளில் வீட்டுப் பெண்கள் தண்ணீர் குடிக்கவே பயப்படுகிறார்கள், மாடி வீட்டுக்காரர்களிடம் போய்க் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. இரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எண்பது வயது அம்மாவை எங்கே அழைத்துப் போவது, ஐயா? வாசலில் கட்டிய சிமெண்ட் தடுப்பைக்கூட அவரால் தாண்ட முடியாது. 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது நாங்கள் எல்லோரும் ஆசையாகத்தான் தொட்டி கட்டினோம். இப்போது அதற்குள்ளும் சாக்கடைதான் இறங்குகிறது, போர்வெல் தண்ணீர் நாறுகிறது.

4. "ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கிக்கொள்ளுங்கள்" என்று அலுவலகத்தில் சொன்னார்கள். பென்ஷனில் வாழ்கிறவர் எப்படித் தூக்குவார்? கடன் வாங்கித் தூக்கினாலும், அடுத்த சாலை அதற்கும் மேலே ஏறாதா? நாங்கள் சுவரை ஓரடி தள்ளிக் கட்டினால் விதிமீறல் என்று நோட்டீஸ் வருகிறது. சாலை ஓரடி உயர்ந்தால் யாருக்கு நோட்டீஸ்?

5. இனி வரைபட அனுமதி தரும்போது, அந்தத் தெருவின் சாலை மட்டத்தையும் அதிலேயே எழுதிக் கொடுங்கள். அதைத் தாண்டிச் சாலை ஏறக் கூடாது.

ஐயா, உதவிப் பொறியாளரை அனுப்பி, ஒவ்வொரு வீட்டு நிலைவாசலுக்கும் சாலைக்கும் உள்ள உயரத்தை எங்கள் முன்னிலையில் அளக்கச் சொல்லுங்கள். பழைய தாரைச் சுரண்டும் மில்லிங் இயந்திரம் வராமல் ஒப்பந்ததாரரை வேலை தொடங்க விடாதீர்கள். சாலை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சுரண்டிவிட்டுப் போடுங்கள், தயவுசெய்து சுரண்டிவிட்டுப் போடுங்கள். இந்த முறையாவது எழுத்துப்பூர்வமாகப் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
பள்ளிக்கூடத் தெரு வீட்டு உரிமையாளர்கள்