2016-இல் லெஸ்டருக்கு இரண்டு சாம்பியன்கள்

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அம்மாவும் சுகம். போனில் சொல்வதை விட்டுவிட்டு ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் கதைத்தால் "சரி அப்பா, சரி அப்பா" என்று முடித்துவிடுவாய். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு எட்டு வருஷம் உன்னை ஏற்றி இறக்கியவன் நான். அதற்காகவாவது இதை மெதுவாக வாசி.

மெல்பேர்னில் உன்னோடு வேலை செய்கிற ஒருவர், லெஸ்டர் என்றதும் "2016!" என்று துள்ளினார் என்று போன கிழமை சொன்னாய். நீயும் ஃபுட்போல் கதையை எடுத்துவிட்டாயாம். பந்தயக்காரர்கள் 5000-க்கு 1 என்று ஒதுக்கிய அணி பிரீமியர் லீக்கை வென்ற கதை. அதை யார்தான் சொல்லமாட்டார்கள்! ஆனால் எங்கள் ஊர்க் கூடைப்பந்து அணி ரைடர்ஸைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லையே என்று கேட்டதற்கு, "அதெல்லாம் யாருக்குத் தெரியும் அப்பா" என்றாய். அது எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. அந்த வருஷம் இந்த ஊருக்கு இரண்டு சாம்பியன்கள் தம்பி. மற்றதைக் கிட்ட இருந்து பார்த்தவர்கள் நாம்.

உண்மையைச் சொன்னால் நாம் கூடைப்பந்துக்குப் போனதே ஃபுட்போலுக்கு டிக்கெட் கிடைக்காததால்தான். நீ இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாய். உன்னைச் சமாதானப்படுத்தத்தான் சார்ட்டர் வீதிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். 2016 ஜனவரியில் திறந்த புது அரங்கு. மொத்தமே 2,400 இருக்கை. அதற்கு முன் ரைடர்ஸுக்குச் சொந்தமாக ஒரு கூரை கிடையாது. பல்கலைக்கழக விளையாட்டுக் கூடங்களில் ஒதுங்கித்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். நாட்டின் முதல்தர லீக்கில் ஆடுகிற அணி, அதுவும் 1967-இல் தொடங்கிய அணி, வாடகை வீட்டுக்காரர் போல அலைந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அந்த முதல் ஆட்டத்தில் நான் தூங்கிவிட்டேன். இரவு வேலை முடித்துவிட்டு வந்தவன், சூடான அரங்கு, வேறென்ன நடக்கும்? மூன்றாவது கால்பகுதியில் நீ விலாவில் இடித்து எழுப்பினாய். எழுந்து பார்த்தால் ஆட்டக்காரரின் சப்பாத்து தரையில் கிரீச்சிடுவது காதுக்குள் கேட்கிறது. பயிற்சியாளர் ராப் பட்டர்நோஸ்ட்ரோ கத்துவதும் கேட்கிறது. ஃபுட்போல் மைதானத்தில் அவ்வளவு கிட்ட யார் விடுவார்கள்?

பிறகு நீதான் எனக்கு வாத்தியார். லீக், கப், ட்ரோஃபி, பிளேஓஃப் என்று நான்கு பரிசு. கப் ஒன்று, ட்ரோஃபி ஒன்று, எதற்கு இரண்டு என்று நான் கேட்டபோது நீ தலையில் அடித்துக்கொண்டாய். அந்தப் பருவத்தில் கப் நியூகாஸிலுக்குப் போனது. ட்ரோஃபியும் லீக்கும் எங்களுக்கு. பிளேஓஃப் என்றால் லீக் முடிந்த பிறகு நடக்கிற, தோற்றால் வெளியேறுகிற போட்டி, அதில் லீக்கின் முதல் எட்டு அணிகள். இறுதி ஆட்டம் தவிர மற்றதெல்லாம் சொந்த ஊரில் ஒன்று, எதிராளி ஊரில் ஒன்று, இரண்டின் புள்ளிகளையும் கூட்டிப் பார்ப்பார்கள். தோற்பது நிச்சயமான பிறகும் கடைசி நிமிஷத்தில் ஏன் இப்படி உயிரைக் கொடுத்து ஆடுகிறார்கள் என்று கேட்டேன். "ஐந்தால் தோற்றால் அடுத்ததை ஆறால் வென்றால் போதும் அப்பா, பத்தால் தோற்றால் பதினொன்று வேண்டும்" என்றாய். பதினான்கு வயது உனக்கு. வீட்டில் மூன்று சொல்லுக்கு மேல் பேசாத பிள்ளை, அங்கே வாய் மூடவில்லை. ஆட்டத்தை விட அதற்காகத்தான் நான் போனேன். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

மே 7 சனிக்கிழமை ஃபுட்போல் அணி கிங் பவர் மைதானத்தில் கிண்ணத்தைத் தூக்கியது. மறுநாள் ஞாயிறு லண்டன் ஓ2 அரங்கில் ரைடர்ஸின் பிளேஓஃப் இறுதி. ஊரே முதல்நாள் கொண்டாட்டத்தில் கிறங்கிக் கிடந்தபோது நாம் இரண்டு பேரும் புளிச்சாதப் பொட்டலத்தோடு லண்டனுக்குப் போனோம். ஷெஃபீல்டிடம் தோற்றோம். திரும்பி வரும்போது நீ ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாய். அழுதாயா என்று அப்போதும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. அடுத்த கிழமை ஃபுட்போல் ஊர்வலத்துக்கு 2,40,000 பேர் தெருவுக்கு வந்தார்கள் என்று கணக்குச் சொன்னார்கள். எங்கள் அரங்கு முழுதாக நிறைந்தாலும் அதில் நூற்றில் ஒரு பங்கு.

நீ போன பிறகு நடந்ததையும் சொல்கிறேன். ரைடர்ஸ் ஆடிய பிரிட்டிஷ் கூடைப்பந்து லீக் இப்போது இல்லை. அதில் பணம் போட்டிருந்த 777 பார்ட்னர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் நொடித்துப்போக, 2024 கோடையில் பிரிட்டிஷ் கூடைப்பந்துச் சம்மேளனம் அந்த லீக்கின் உரிமத்தை எடுத்துவிட்டது. ரைடர்ஸுக்கு என்ன ஆகுமோ என்று எனக்குச் சரியான பயம். பிறகு கழகங்களே ஒன்றுகூடி சூப்பர் லீக் பாஸ்கெட்போல் என்று ஒன்றைத் தொடங்கின. ஒன்பது அணி, அதில் ரைடர்ஸும் ஒன்று. யோசித்துப் பார், அந்தப் பழைய லீக் 1987-இல் பிறந்தபோதே ரைடர்ஸுக்கு 20 வயது.

நான் இன்னும் போகிறேன், அநேகமாகத் தனியே. அரங்கின் பெயரை மாற்றிவிட்டார்கள், எனக்கு அது இன்னும் சார்ட்டர் வீதி அரங்குதான். முன் வரிசைக் கிழவர், உனக்கு மிட்டாய் தருவாரே, அவர் போன ஆட்டத்தில் "பெடியன் எங்கே?" என்று கேட்டார். அவுஸ்திரேலியா என்றேன். "அங்கே நல்ல லீக் இருக்கிறது" என்றார். நீ போனதே அதற்காகத்தான் என்று நினைத்துவிட்டார். நான் திருத்தவில்லை.

டிசம்பரில் வருவதென்றால் திகதியை முதலே சொல், இரண்டு டிக்கெட் எடுத்துவைக்கிறேன். தூங்கமாட்டேன் என்று வாக்குத் தரமுடியாது, இப்போதும் இரவு வேலைதான். நீ இடித்து எழுப்பு.

அப்பா