ரப்பர் இல்லாத ஞாயிறுகள்: எங்கள் ஓவியர் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

ஜூலை 10 அன்று, 1806 வேலூர் சிப்பாய்ப் புரட்சியின் நினைவுத் தூணுக்கு மாலை அணிவித்தோம். ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தில் யாளித் தூண்களை வரைந்தோம். பள்ளி மாணவர்களுக்கான போட்டி வழக்கம்போல் நடந்தது.

இரண்டாம் ஞாயிறுதோறும் கோட்டை அகழியோரம் நடந்த தன்னுருவப் பயிற்சியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். ரப்பர் கொண்டுவரக் கூடாது என்று விதி போட்டவன் நான்தான். நான்கு ஆண்டுகள் ஒரே தாளில் என் முகத்தை வரைந்து வரைந்து அழித்தேன். மூக்கு இருந்த இடத்தில் தாள் பஞ்சாகிப்போனது, படம் முடியவில்லை. அந்த வேதனை இன்னொருவருக்கு வேண்டாம் என்றுதான் இதைத் தொடங்கினேன்.

முதலில், தாளைப் பாராமல் கண்ணாடியை மட்டும் பார்த்து, பென்சிலை எடுக்காமல் ஒரே கோட்டில் வரைந்தோம். தாளைப் பார்த்தால் கை எதிரில் தெரியும் கண்ணை விட்டுவிட்டுப் பழகிய கண்ணை வரைந்துவிடுகிறது. குறை சொல்லும் மனமும் உடனே விழித்துக்கொள்கிறது. அடுத்த மாதம் இடக்கையால் வரைந்தோம். அதற்கடுத்து எவர்சில்வர் சொம்பில் தெரியும் முகம்! மூக்கு வீங்கி, காது ஒடுங்கித் தெரியும்போது, சரியாக வந்திருக்கிறதா என்று யாரும் கேட்க முடியாது. சிறுபிள்ளை விளையாட்டு என்றார்கள் சிலர். ஆனால் இத்தாலியில் பார்மிஜானினோ என்ற ஓவியர் 1524 வாக்கில், முன்னால் நீட்டிய கை பூதாகரமாகத் தெரிய, குவியாடியில் கண்டபடியே தன்னை வரைந்தார். தாகூர் கையெழுத்துப் படிகளில் அடித்த வரிகளையே உருவங்களாக்கி ஓவியத்துக்குள் வந்தவர். தீவிரமாக வரைந்தது அறுபது வயதுக்குப் பிறகுதான்.

சிறு படத்தின்மேல் கட்டம் போட்டு, அதைப் பெரிதாக்கிப் பேனர் வரைந்தே வாழ்ந்த நம் மூத்த உறுப்பினர் ஒருவர் முதல் மாதம் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். மூன்றாம் மாதம் சொம்புப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஊரார் முகத்துக்கெல்லாம் கட்டம் போட்டேன் சார். கட்டம் போடாமல் ஒரு முகத்தை இன்றுதான் பார்க்கிறேன்" என்றார். இந்த ஆண்டில் எனக்கு அது ஒன்றே போதும்.

ஆனால் 38 உறுப்பினர்களில் தொடர்ந்து வந்தவர்கள் 9 பேர். மற்றவர்களுக்கு நேரமில்லை என்பதை நான் ஏற்கவில்லை. கோணலாக வரைந்ததைப் பிறர் பார்த்துவிடுவார்களே என்ற கூச்சம்தான் பலரைத் தடுத்திருக்கிறது. நன்றாக வரைபவர்களே அதிகம் வராமல் இருந்தார்கள் என்பது எனக்கு உண்மையான வருத்தம். சந்தா பாக்கியும் ஏறக்குறைய அதே பெயர்களில்தான் நிற்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கையிருப்பு ஓரளவுக்கு இருக்கிறது. தாள், கரிக்கோல் வாங்கியதில் செலவு சற்றுக் கூடியது. தலைவருக்கும், நாற்காலி தந்து உதவியவர்களுக்கும், தேநீர் வழங்கியவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டு இப்பயிற்சியை நிறுத்திவிடலாம் என்ற கருத்து செயற்குழுவில் எழுந்தது. பெரும்பான்மை முடிவுக்கு நான் கட்டுப்படுவேன். எதுவானாலும் அடுத்த இரண்டாம் ஞாயிறு காலை 7 மணிக்கு அகழியோரம் இருப்பேன். வராதவர்களுக்கும் சேர்த்துக் கண்ணாடிகள் வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்