உப்புத்தாளைக் கீழே வை

கூச்சிங்,
ஞாயிறு மாலை

அன்புள்ள குமரேசனுக்கு,

தீபாவளிக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதாதது என் தவறுதான். அதற்கான வசவை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. இப்போது அவசரமாக எழுதுவதற்குக் காரணம், உன் அப்பாவின் வாளை நீ எடுத்தனுப்பிய படங்களும் அவற்றின் கீழே இருந்த கடைசி வரியும். விற்பதற்கு முன் அலகை உப்புத்தாளால் தேய்த்து, அதில் பதித்த பித்தளைப் புள்ளிகளைப் புளி போட்டுத் துலக்கப் போகிறாயாம். அது குத்துவிளக்கு அல்ல, குமரேசா. புளி பித்தளையோடு நிற்காது. புள்ளியைச் சுற்றியுள்ள இரும்பில் இறங்கிப் புதுத் துருவை உண்டாக்கும். உப்புத்தாளோ கொல்லன் விட்டுச்சென்ற சுத்தியல் தடங்களை ஒரு மணி நேரத்தில் அழித்துவிடும்.

உன்னிடம் வந்த வியாபாரி, நூறு வருடப் பழமை இல்லாததால் போலி என்று சொன்னதை நான் ஏற்கவில்லை. அவர் வயதை மட்டும் பார்த்திருக்கிறார். முதலில் வாளின் இனத்தைப் பார்க்க வேண்டும். போர்னியோவின் பழங்குடிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு வகை வாள். இபான் மக்களின் நியாபூர் வளைந்து, பிடியருகே விரல் தடுப்போடு இருக்கும். பிடாயு மக்களின் பண்டாட்டுக்குத் தனிக் கைப்பிடியே கிடையாது, அலகும் பிடியும் ஒரே இரும்பு. உன்னிடம் இருப்பது காயான் மக்கள் மாலாட் என்றும், இபான்கள் பாராங் இலாங் என்றும், போர்னியோவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தானில் மண்டாவ் என்றும் சொல்லும் வாள். அப்பா 1960களில் இங்கே சரவாக்கின் பாராம் ஆற்றின் மேற்பகுதியில் ஆசிரியராக இருந்தவர் என்பதால், காயான் வாள் அவர் கைக்கு வந்ததில் வியப்பில்லை.

இந்த வாளின் அலகு ஒரு பக்கம் மெல்லப் புடைத்தும் மறுபக்கம் சற்றுக் குழிந்தும் இருக்கும். அலகின் குறுக்கே ஓர் அடிக்கோலை வைத்துப் பார்: ஒரு பக்கம் கோல் ஆடும், மறுபக்கம் அதனடியில் வெளிச்சம் தெரியும். சுற்றுலாக் கடைகளுக்காகத் தகட்டிலிருந்து வெட்டியெடுக்கும் வாள்களில் இரு பக்கமும் தட்டையாகவே இருக்கும். வலது கையால் வெட்டுபவருக்கும் இடது கையால் வெட்டுபவருக்கும் குழிவு எதிரெதிர்ப் பக்கத்தில் அமையும். இங்கே நான் பார்த்த அத்தனை வாள்களிலும் அது ஒரே பக்கம் இருந்தது. உன் மூன்றாவது படத்தில் மறுபக்கம் இருக்கிறது. படம் இடம்வலமாகத் திரும்பியிருக்குமோ என்று பின்சுவரில் தொங்கிய நாட்காட்டியின் எழுத்துகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவை நேராகவே இருந்தன.

அப்பா இடது கைக்காரர். அவருடைய பந்துவீச்சில் நீயும் நானும் எத்தனை முறை ஆட்டமிழந்தோம்! அந்த ஊரின் கொல்லன் அவர் கையைப் பார்த்தே இதை அடித்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றியபோது, இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

உறையும் இதையே சொல்கிறது. இடது கைக்காரர் வாளை வலது இடுப்பில் கட்டுவார். செதுக்கிய முகம் அப்போதும் வெளியே பார்க்க வேண்டும், சிறுகத்தி செருகும் பை உட்புறம் இருக்க வேண்டும். உன் உறை அப்படியே அமைந்திருக்கிறது. வேறு வாளின் உறையைச் சேர்த்து விற்கும்போது அலகு உள்ளே கடகடவென்று ஆடும். மரத்தின் இரு பாதிகளையும் சேர்த்துக் கட்டிய பிரம்பு புதிதாக இருக்கும், பழைய கட்டு இருந்த இடம் வெளுத்துத் தெரியும். உன்னுடையதில் பிரம்பும் மரமும் ஒரே நிறமாகக் கறுத்திருக்கின்றன. கடமான் கொம்புப் பிடியில், உள்ளங்கை உரசும் இடத்தில் மட்டும் செதுக்கல் மழுங்கியிருப்பதையும் கவனித்தேன். அச்சில் வார்த்த பிடியில் இப்படித் தேய்ந்திருக்காது; அச்சின் கோடுதான் ஓடும்.

ஒரு பித்தளைப் புள்ளிக்கு வெட்டிய தலை ஒன்று என்று அப்பா நம்மைப் பயமுறுத்துவாரே, அந்தக் கதையை நம்பி விலை பேசாதே. புள்ளிகளைப் பதிப்பது வாளைச் செய்யும் கொல்லனின் வேலை. தலைவேட்டையை நிறுத்த டாயாக் எனப்படும் போர்னியோப் பழங்குடிகளின் தலைவர்கள் கலிமந்தானின் தும்பாங் அனோய் ஊரில் கூடியதே 1894இல். இந்த வாள் அதற்கு இரண்டு தலைமுறை பிந்தியது.

அலகை மெல்லிய துணியால் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயை இலேசாகப் பூசினால் போதும். பிடியைக் கழற்றாதே, அதைப் பிடித்திருக்கும் பிசினைச் சூடாக்காதே. வாளை உருவும்போது வெட்டுவாய்ப் பக்கம் விரல்களைச் சுற்றிப் பிடிக்காதே. பிரம்பு இற்றுப்போயிருந்தால் அலகு உறையைப் பிளந்துகொண்டு வந்துவிடும்.

உறையின் வாய்ப்பகுதியையும் பையையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பு. அப்பா பாராமிலிருந்து உன் அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள் தகரப் பெட்டியில் இருக்கும். வாளைக் கொடுத்தவர் பெயர் அவற்றில் இருக்கிறதா என்று தேடு. பள்ளி விடுமுறையில் ஈப்போ வருகிறேன். அதுவரை யாருக்கும் விலை சொல்லாதே.

உன்,
சேகர்