ஊர் மன்றச் சீரமைப்பு: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் குழுவின் வணக்கம்.

அயர்லாந்தின் ராஸ்காமன் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) வடகோடியில் உள்ள நம் ஊர் மன்றக் கட்டடத்தில் கூரை, சுவர்க் காப்பு, சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதை ஆகிய பணிகள் முடிந்துவிட்டன. ஊரக வளர்ச்சிக்கான ஐரோப்பிய ஒன்றியத் திட்டமான லீடரின் மானியத்தில் கடைசித் தவணையும் கணக்கில் வரவாகியிருக்கிறது. வரவு செலவு ஏடு பொதுக்கூட்டத்தில் வைக்கப்படும்.

"பல கவுண்டிகளுக்குப் பொதுவான வட்டார அவையின் அலுவலகம் பக்கத்திலேயே பாலஹடெரீனில் இருக்க, மானியத்துக்காகக் கவுண்டிக் குழுவிடம் ஏன் அலைந்தீர்கள்?" என்று பலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. 1999இல் நாட்டை இரு வட்டாரங்களாகப் பிரித்ததே ஐரோப்பிய நிதிக்காகத்தான். டப்ளின் பக்கத்து வளம் நாட்டின் சராசரி வருமானத்தை உயர்த்தியதால், ஏழைப் பகுதிகளுக்கான உதவியை நாடு முழுவதும் இழக்கும் நிலை வந்தது; அதனால் எல்லைப்புறம், நடுநாடு, மேற்கு ஆகிய பகுதிகளின் 13 கவுண்டிகளைத் தனியாகக் காட்டி, 2000 முதல் 2006 வரை அவற்றுக்கு உயர்ந்த உதவித் தகுதியைக் காத்துக்கொண்டார்கள். 2015இல் வட்டார அவைகள் மூன்றாயின. நம்முடைய வடக்கு, மேற்கு வட்டார அவை ஐரோப்பிய வட்டார வளர்ச்சி நிதியின் திட்டத்தை நிர்வகிக்கிறது. ஊர் மன்றத்துக்கான லீடர் பணம் வேறு வழியில் வருகிறது. 1991இல் தொடங்கிய அந்தத் திட்டம் இன்று ஐரோப்பிய வேளாண் கொள்கையின் கீழ் நடக்கிறது. 2023 முதல் 2027 வரை நாடு முழுமைக்கும் 18 கோடி யூரோ. எந்த ஊருக்கு எவ்வளவு என்பதை அந்தந்தப் பகுதியின் உள்ளூர்ச் செயற்குழு முடிவு செய்கிறது; நீங்கள் கேட்ட கவுண்டிக் குழு அதுதான். நம் ஈரச் சுவரை நேரில் பார்த்தவர்கள் முடிவெடுப்பதே சரி என்பது எங்கள் கருத்து.

ஆனால் பணம் வரும் முறை சிறிய ஊர்களை வாட்டுகிறது. ஏற்கப்பட்ட செலவில் 75 சதவீதம் வரை கிடைக்கும்; அதுவும் ஒப்பந்தக்காரருக்கு நாம் முழுத் தொகையையும் கொடுத்து, ரசீதும் வங்கி அறிக்கையும் காட்டிய பிறகுதான். மானிய ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் வேலையைத் தொடங்கவும் கூடாது. அதனால் இடைக்காலக் கடன் வாங்கினோம். வட்டிக்கு மானியம் கிடையாது. அதைச் சுமந்தவை உங்கள் பிங்கோ விளையாட்டு இரவுகளும் கேக் விற்பனையும். மானியத்தில் ஒரு பகுதியையாவது முன்பணமாகத் தர வேண்டும் என்று நம் கவுண்டி கவுன்சிலர்களுக்கு எழுதியிருக்கிறோம், தொடர்ந்து எழுதுவோம்.

கூரை வேலை கோடையில் தொடங்காததற்கு வௌவால்களே காரணம். அயர்லாந்தில் எல்லா வௌவால் இனங்களும் சட்டப் பாதுகாப்பு பெற்றவை. கோடையில் தாய் வௌவால்கள் கூரைக்கடியில் கூடிக் குட்டி ஈனும். குட்டிகள் பறந்து போகும்வரை காத்திருந்தோம். இறவாரத்தில் அவை மீண்டும் நுழைய இடைவெளி விட்டிருக்கிறோம். தயவுசெய்து அதை யாரும் அடைக்க வேண்டாம்.

பழைய வேல்ஸ் சிலேட்டு ஓடுகளைத் தூக்கி எறியவில்லை. கொத்தனார்கள் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார்கள். கணீரென்று ஒலித்தவை சாலையை நோக்கிய பக்கத்தில் மீண்டும் ஏறின. மந்தமாக ஒலித்தவற்றில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தது, அவை கழிக்கப்பட்டன. பின்பக்கம் முழுவதும் புது ஓடு.

கடைசித் தவணை வந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு மன்றத்தை விற்கவோ வேறு பயன்பாட்டுக்கு மாற்றவோ இயலாது. ஆய்வாளர்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதால் ரசீதுகள் செயலாளரிடம் பூட்டிய பெட்டியில் உள்ளன. வாசலில் உள்ள ஐரோப்பிய ஒன்றியப் பலகையைக் கழற்றக் கூடாது. இறுதிச் சடங்குத் தேநீருக்கும் நடன வகுப்புக்கும் முன்பதிவு ஏடு வழக்கம்போல அஞ்சலகக் கடையில் இருக்கும்.

குழுவின் சார்பில்,
செயலாளர்