மாருதி 800: பெயின்ட்டுக்கு முன்னால் வயரிங்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய மாருதி 800 கார்களை வீட்டிலேயே வைத்துப் புதுப்பிக்கும் இளைஞர்களைப் பற்றி இப்போது பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வருகிறது. ஆட்டோ எலெக்ட்ரிகல் தொழிலில் இருக்கும் எனக்கு அதைப் பார்க்க நிறைவாக இருக்கிறது. கவலை ஒன்றும் இருக்கிறது. படங்களில் பளபளக்கும் பெயின்ட் தெரிகிறது, புது சீட் கவர் தெரிகிறது. டேஷ்போர்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் காட்டுவதில்லை. பெரும்பாலான வண்டிகளில் அங்கே இருப்பது, ஹாரனுக்கு ஒருவர், டேப் ரெக்கார்டருக்கு ஒருவர், ஃபாக் லாம்புக்கு ஒருவர் என்று பல பேர் வெட்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிட்டுப் போன வயர்கள். பழைய கார் தீப்பிடிப்பது இப்படிப்பட்ட இடத்திலும் தொடங்கலாம்.

1983 டிசம்பர் 14-ல் டெல்லியில் முதல் மாருதி 800 உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1986-ல் உருவம் மாறியது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. சென்னையில் புகை விதி மாறியதால் 2010 ஏப்ரலிலேயே விற்பனை முடிந்துவிட்டது. ஆகவே சென்னையில் புதிதாக வாங்கிய 800 எதுவானாலும் அது 15 வயதைக் கடந்த வண்டிதான். அதிலும் கார்புரேட்டர் வண்டிகளின் வயருக்கு 25 முதல் 40 வயது. பிவிசி உறை இந்த வயதில் விறைத்துப்போகும். வளைத்தால் வெடிக்கும். உள்ளே இருக்கும் செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ கிடக்கும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் வரும்.

முதலில் வேலையின் வரிசை. வழக்கமாக டிங்கரிங், பட்டி, பெயின்ட், சீட் எல்லாம் முடிந்த பிறகு "லைட் மட்டும் எரியல, கொஞ்சம் பாருங்க" என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறார்கள். சரியான வரிசை வேறு. சீட்டும் டேஷ்போர்டும் இறங்கியதும் வயரிங் ஹார்னஸை, அதாவது வண்டி முழுவதும் ஓடும் வயர்களின் கட்டை, முழுசாக வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் வெல்டிங், டிங்கரிங், பெயின்ட். பெயின்ட் காய்ந்ததும், ரூஃப் லைனிங்கும் சீட்டும் ஏறுவதற்கு முன், ஹார்னஸ் உள்ளே போக வேண்டும். ஹார்னஸ் உள்ளே இருக்கும்போதே வெல்டிங் வைத்தால் ஃப்ளோரின் அடியில் ஓடும் வயர் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அது வெளியே தெரியாது. சில மாதம் கழித்து பிரேக் மிதித்தால் பார்க் லைட் எரியும். ஏதோ காரணத்தால் ஹார்னஸை எடுக்க முடியவில்லை என்றால், பேட்டரியோடு, அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் கனெக்ஷனையும் கழற்றாமல் வெல்டிங் ராடைத் தொடக்கூடாது. பெட்ரோல் டேங்க் வண்டியிலேயே இருக்கக்கூடாது.

கழற்றும்போது எந்த வயரையும் வெட்டாதீர்கள். ஒவ்வொரு கப்ளரிலும் (வயர்களைச் செருகி இணைக்கும் பிளாஸ்டிக் பூட்டு) ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, அது எங்கே போகிறது என்று எழுதுங்கள். கழற்றுவதற்கு முன்பும் பின்பும் போனில் படம் எடுங்கள். வயரின் நிறத்தை மட்டும் குறித்தால் போதாது, அதில் ஓடும் கோட்டின் நிறமும் வேண்டும். கறுப்பும், வெள்ளைக் கோடு போட்ட கறுப்பும் வெவ்வேறு வயர். முந்தையது எர்த், அதாவது வண்டியின் பாடி வழியாக பேட்டரி மைனஸோடு சேரும் வயர். பிந்தையதில் சாவி போட்டால் கரண்ட் வரும். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் சாவி திருப்பிய நொடியிலேயே புகை.

எடுத்த ஹார்னஸைத் தரையிலோ பலகையிலோ வண்டியில் இருந்த வடிவத்திலேயே விரித்துப் போடுங்கள். டேப்பைப் பிரித்து, ஒவ்வொரு வயரையும் அரை அடிக்கு ஒருமுறை விரலில் வளைத்துப் பாருங்கள். எலி கடித்த இடம் உடனே தெரியும். உறை வெடிக்காமல், செம்பு பளபளப்பாக இருந்தால் அந்த வயரை மாற்ற அவசியம் இல்லை. புது ஹார்னஸ் கடையில் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறதுதான். ஆனால் மலிவான கிட்டுகளில் வயர் கனம் குறைவாக இருக்கும், கப்ளர் சரியாகப் பூட்டாது. பழைய ஹார்னஸின் கப்ளர்களை வைத்துக்கொண்டு வயரையும் டெர்மினலையும் (வயர் நுனியில் வரும் உலோக முனை) மட்டும் புதுப்பிப்பதே நல்லது. சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம் பக்கம் உடைத்த வண்டிகளின் கப்ளர் கிடைக்கும். நிறம் மங்காமல், பூட்டும் நாக்கு உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வயரை எலெக்ட்ரிகல் கடையில் வாங்காமல் ஆட்டோமொபைல் ஒயர் என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு வயரின் சாதாரண உறை 70 டிகிரி வெப்பத்துக்கானது. எஞ்சின் பக்கத்துக்கு 105 டிகிரி தாங்கும் உறை வேண்டும். கனத்தைப் பொறுத்தவரை பார்க் லைட், மீட்டர் போர்டு, இண்டிகேட்டருக்கு 0.75 சதுர மி.மீ. போதும். வைப்பருக்கும் ஹாரனுக்கும் 1.5. ரேடியேட்டர் ஃபேனுக்கும் ஹெட்லைட்டுக்கும் 2.5. செல்ஃப் மோட்டார் கேபிள் 16-க்குக் குறையக்கூடாது. ஃப்யூஸ் எதற்கு என்பதில்தான் பலருக்குக் குழப்பம். ஃப்யூஸ் காப்பாற்றுவது வயரை, பல்பை அல்ல. ஆகவே 0.75 வயருக்கு 7.5 அல்லது 10 ஆம்பியர், 1.5-க்கு 15, 2.5-க்கு 20 ஆம்பியருக்கு மேல் போகக்கூடாது. ஃப்யூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்று பெரிய ஃப்யூஸ் போடுவதும், சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகுவதும் ஒன்றுதான். அப்போது ஃப்யூஸுக்குப் பதிலாக வயர் எரியும்.

இணைப்பு விஷயத்தில் என் கருத்து உறுதியானது. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒன்றுகூட வண்டியில் இருக்கக்கூடாது. நம் ஊர் வெயிலில் டேப்பின் பசை உருகி வழிந்துவிடும். மூன்றாம் கோடையில் செம்பு வெளியே தெரியும். சால்டரிங் வைத்தால் உறுதி என்று நினைக்கிறோம். ஈயம் வயரின் இழைகளுக்குள் ஏறி அந்த இடத்தை விறைப்பாக்கிவிடும். வண்டி அதிர அதிர, விறைப்பு முடியும் இடத்தில் வயர் ஒடியும். சரியான வழி கிரிம்பிங்தான், அதாவது டெர்மினலை அதற்கான டூலால் வயரின் மேல் அழுத்திப் பூட்டுவது. நல்ல டெர்மினலில் இரண்டு ஜோடி இறக்கைகள் இருக்கும். முன் ஜோடி செம்பைப் பிடிக்கும், பின் ஜோடி உறையைப் பிடிக்கும். உறையை 5 அல்லது 6 மி.மீ. மட்டும் சீவி, இரண்டையும் தனித்தனியே அழுத்த வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கினால் அது கிரிம்பிங் ஆகாது. அழுத்திய பிறகு கையால் பலமாக இழுத்துப் பாருங்கள், வந்துவிட்டால் வெட்டி மறுபடி போடுங்கள். கிரிம்பிங் டூல் ஒன்றுக்கு மட்டும் காசு பார்க்காதீர்கள்.

அடுத்தது எர்த். பெயின்ட் அடித்த வண்டிகளில் வரும் பாதிக் கோளாறு இதுதான். பாடியில் எர்த் லக்கு (வயர் நுனியில் இருக்கும் உலோக வளையம்) உட்காரும் இடத்தில் பிரைமரும் பெயின்ட்டும் ஏறியிருக்கும், அதன் மேலேயே போல்ட்டை முடுக்கிவிடுவார்கள். இடது இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட்டும் சேர்ந்து மினுக்கும், பெட்ரோல் முள் லைட் போட்டதும் ஆடும். ஒவ்வொரு எர்த் புள்ளியிலும் லக்கின் அளவுக்கு மட்டும் பெயின்ட்டைச் சுரண்டி, தகரம் பளிச்சென்று தெரிந்த பிறகு நட்சத்திர வாஷர் வைத்து முடுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவ வேண்டும். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் எர்த் பட்டையை மறந்தே விடுகிறார்கள். அது இற்றுப்போனால் செல்ஃப் அடிக்கும்போது போகும் பெரிய கரண்ட் வேறு வழி தேடி, கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போகும். கேபிள் உள்ளே சூடாகி அதன் பிளாஸ்டிக் உறை உருகும். கிளட்ச் கேபிள் மாற்றிச் சில மாதத்திலேயே இறுகுகிறது என்றால் கேபிளைக் குறை சொல்லாமல் எர்த்தைப் பாருங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டும்.

ஹெட்லைட் மங்கல் என்று 100 வாட் பல்பு போடுகிறவர்கள் ஏராளம். பழைய சுற்றில் ஹெட்லைட் கரண்ட் முழுவதும் ஸ்டியரிங்கில் இருக்கும் ஸ்விட்ச் வழியாகத்தான் வருகிறது. இரண்டு 55 வாட் பல்புக்கே சுமார் 9 ஆம்பியர். 1 சதுர மி.மீ. வயரில் 5 மீட்டர் சுற்றி வந்தால் வயரில் மட்டும் முக்கால் வோல்ட் போய்விடும், தேய்ந்த ஸ்விட்சில் இன்னும் கொஞ்சம் போகும். ஹாலஜன் பல்புக்கு வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். குறை பல்பில் இல்லை. 100 வாட் போட்டால் கரண்ட் ஏறக்குறைய இரட்டிப்பாகி ஸ்விட்சும் ஹோல்டரும் கருகும். அதே 60/55 வாட் எச்4 பல்புக்கு இரண்டு ரிலே (சிறு கரண்டில் இயங்கி, பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) போடுங்கள், டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. ரிலேயில் 30 என்று எண் போட்ட முனைக்கு பேட்டரியிலிருந்து 2.5 வயர், நடுவில் 15 ஆம்பியர் ஃப்யூஸ். அந்த ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் ஃப்யூஸுக்கு முன்னால் இருக்கும் வயருக்குப் பாதுகாப்பே கிடையாது. 87-லிருந்து பல்புக்கு, ரிலேயை இயக்கும் 85, 86 முனைகளுக்குப் பழைய ஹெட்லைட் வயர்கள். பழைய ஹோல்டரில் செருகிக்கொள்ளும்படி செய்தால் மூல ஹார்னஸில் ஒரு வெட்டுகூட விழாது.

மூல ஹார்னஸைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்ட, மூல வடிவம் மாறாத வண்டியைத்தான் விண்டேஜ் என்று பதிவு செய்ய முடியும். 1983-ல் பதிவான 800-க்கே அந்த வயது 2033-ல்தான் வரும். இன்று வெட்டி எறிவதை அன்று வாங்க முடியாது.

ஹேட்ச்பேக் என்பதால் ஒரு சங்கதி. டிக்கி கதவுக்குள் வயர் போகும் வண்டியாக இருந்தால், ரூஃபுக்கும் கதவுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாயைக் கழற்றிப் பாருங்கள். கதவைத் திறக்கத் திறக்க அங்கே வளைந்து வளைந்து உறைக்குள்ளேயே செம்பு ஒடிந்திருக்கும். வெளியே முழுசாகத் தெரியும். அந்த இடத்தில் இணைப்புப் போடாதீர்கள், இரு பக்கமும் ஒரு அடி தள்ளி முழு வயராக மாற்றுங்கள். எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே இருக்கும் ஃபயர்வால் தகரத்தில், வயர் நுழையும் ஓட்டைகளில் ரப்பர் குரோமெட் (ஓட்டை விளிம்பை மூடும் வளையம்) புதிதாக இருக்க வேண்டும். பெயின்ட் கடையில் அதைத் தொலைத்துவிடுவார்கள், தகர விளிம்பு வயரைக் கத்தி போல அறுக்கும்.

எல்லாம் மாட்டியதும் நேராக பேட்டரி கொடுத்துவிடாதீர்கள். ஒரு 21 வாட் பிரேக் லைட் பல்பை பேட்டரி மைனஸுக்கும் மைனஸ் கேபிளுக்கும் நடுவில் தொடராக இணையுங்கள். எங்கே ஷார்ட் இருந்தாலும் 2 ஆம்பியருக்கு மேல் போகாது, வயர் தப்பிக்கும். எல்லா ஸ்விட்சும் ஆஃப், கதவு மூடியிருக்கும் நிலையில் பல்பு எரியவே கூடாது. முழு வெளிச்சமாக எரிந்தால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை எடுத்ததும் அணைகிறதோ அந்தச் சுற்றில்தான் கோளாறு. அது சரியான பிறகு ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டுப் பாருங்கள். பாயின்ட் வைத்த பழைய டிஸ்ட்ரிபியூட்டர் வண்டியில் எஞ்சின் ஓடாமல் சாவியை நெடுநேரம் ஆனில் விடாதீர்கள், இக்னிஷன் காயில் சூடாகிவிடும். பல்பை எடுத்து நேரடி இணைப்புக் கொடுத்து எஞ்சினை ஓட்டினால் பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். எம்பிஎஃப்ஐ வண்டி (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோல் தெளிக்கும் வண்டி) வைத்திருப்பவர்கள் கம்ப்யூட்டர் வயர்களில் டெஸ்ட் லைட்டைக் குத்தாதீர்கள், மல்டிமீட்டர் மட்டும்.

வயரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பெட்ரோல் கசிந்தால் பயன் இல்லை. பங்கில் இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. பழைய ரப்பர் ஹோஸ் அதில் ஊறி உப்பும், வெடிக்கும். டேங்கிலிருந்து பம்ப், பம்பிலிருந்து கார்புரேட்டர், ரிட்டர்ன் லைன் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றி, கிளிப்பும் புதிது போடுங்கள். 1 கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பானை டிக்கியில் வைக்காமல் டிரைவர் கை எட்டும் இடத்தில் பொருத்துங்கள்.

தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். தமிழகத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவு உள்ள ஐடிஐ-க்கள் பல ஊர்களில் இருக்கின்றன. விடுமுறை நாட்களில் கிரிம்பிங், மல்டிமீட்டர், எர்த் சோதனை இந்த மூன்றை மட்டும் பழைய கார் வைத்திருக்கும் பொதுமக்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவை முன்வர வேண்டும். ஒரு பழைய ஹார்னஸும் ஒரு பேட்டரியும் இருந்தாலே வகுப்பு நடத்திவிடலாம்.

இப்படிக்கு,
ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவர்,
கோயம்புத்தூர்.