ரப்பர் ஷீட் ஒட்டும் முன் ஒருமுறை மாடிக்கு வாருங்கள்

நம் குடியிருப்போர் சங்கத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மேல்மாடி வீட்டிலிருந்து எழுதுகிறேன். மூன்று வருஷமாக, ஐப்பசி பிறந்தால் எங்கள் கட்டில் இடம் மாறும். போன கார்த்திகையில் சீலிங் பூச்சு உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து தலையணை மேல் விழுந்தது. அண்ணாந்து பார்த்தால் கம்பி துருவேறித் தெரிகிறது. அதனால் மழைத்தண்ணீர் ஒழுகாமலிருக்க மொட்டை மாடிக்கு ஈபிடிஎம் என்கிற செயற்கை ரப்பர் ஷீட் ஒட்டலாம் என்று நீங்கள் பேச்செடுத்தபோது அதிகம் சந்தோஷப்பட்டது நான்தான்.

நல்ல பொருள்தான். வெயிலில் தளம் விரிந்தாலும் இரவில் சுருங்கினாலும் கூடவே இழுபட்டுக் கொடுக்கும், சிமென்ட் பூச்சு மாதிரி வெடிக்காது. அகலச் சுருளாக வருவதால் இணைப்புகள் குறைவு. ஒழுங்காக ஒட்டினால் 25 வருஷம்கூட உழைக்கும். கிழிந்தால் அதே ரப்பரில் ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் நம் மாடி சும்மா கிடக்கிற மாடி இல்லையே. துணிக்கொடி, வடாம், டிஷ் ஆன்டெனா, தீபாவளிக்கு வந்து விழும் ராக்கெட் எல்லாம் அங்கேதான். ஒரு ஆணி போதும். ஓட்டை ஓரிடத்தில் இருக்கும், தண்ணீர் ஷீட்டுக்கு அடியிலேயே ஓடி வேறு வீட்டில் சொட்டும். எண்ணெய் கொட்டினால் ரப்பர் உப்பிவிடும். அப்புறம் அந்தக் கறுப்பு நிறம். சித்திரை வெயிலில் 60 டிகிரியைத் தாண்டிச் சுடும், அந்தச் சூடு எங்கள் வீட்டுக்குள்தான் இறங்கும். செலவு கூடினாலும் வெள்ளை ஷீட்டையே கேளுங்கள்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய கவலை வாட்டம்தான், அதாவது தண்ணீர் வடிவதற்கான சரிவு. தண்ணீர் இறங்கும் குழாயின் வாய் தளத்தைவிட ஒரு விரற்கடை உயரமாக இருக்கிறது. மழை விட்டு இரண்டு நாள் கழித்தும் அந்த மூலையில் மைனா குளிக்கிறது. வாட்டத்தைச் சரிசெய்யாமல் ரப்பரை ஒட்டினால், இணைப்புகள் மாதக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே ஊறும். கைப்பிடிச் சுவரில் ஷீட்டை முக்கால் அடியாவது ஏற்றி ஒட்ட வேண்டும். கொட்டேஷனில் இரண்டைப் பற்றியும் ஒரு வரிகூட இல்லை.

புரட்டாசியிலேயே வேலையை முடித்துவிடலாம் என்கிறீர்கள். ஈரம் ஊறிய தளத்தில் ஒட்டினால் வெயிலில் ஆவி கிளம்பி ஷீட் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கும். தயவுசெய்து பங்குனி வரை பொறுங்கள். முதலில் வாட்டம், தளம் நன்றாகக் காய்ந்த பிறகு ரப்பர். 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்து, ஒழுகவில்லை என்றால் மட்டும் மீதிப் பணம்.

இந்த ஐப்பசிக்கும் கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொள்கிறோம், பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு முன் மாடிக்கு வாருங்கள். அந்தக் குழாய் வாயை நேரில் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
மேல்மாடி வீட்டுக்காரி